ஆஃபில் இருந்த மாஸ்ஃபெட் ஏன் எரிந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அதில் தப்பு இருந்தால் கீழே எழுதுவதெல்லாம் வீண். பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்றை முன்னும் பின்னும் ஓட்ட, டாட் போர்டில் நீங்களே ஓர் எச்-பிரிட்ஜ் (நான்கு சுவிட்சுகளால் மோட்டாரின் திசையை மாற்றும் சர்க்யூட்) கட்டியிருக்கிறீர்கள். மேலே இரண்டு பி-சானல் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), ஐ.ஆர்.எஃப். 9540என். கீழே இரண்டு என்-சானல், ஐ.ஆர்.எஃப்.இசட். 44என். மேலே உள்ளவற்றின் கேட்டை (சுவிட்சை இயக்கும் கால்) 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது, ஆன் செய்ய ஒரு பி.சி. 547 டிரான்சிஸ்டர் அதைக் கீழே இழுக்கிறது. கீழே உள்ளவற்றின் கேட் நேராக ஆர்டுயினோ ஊனோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் பின்னில். வேகத்தைக் கட்டுப்படுத்த விடாமல் ஆன், ஆஃப் செய்யும் பி.டபிள்யூ.எம். சிக்னல் அங்கேதான் போகிறது. சப்ளை, யூ.பி.எஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி. ஹீட் சிங்க் எதுவும் இல்லை.

மோட்டார் இல்லாமல் அளந்தால் இரண்டு திசையிலும் 12 வோல்ட் சுத்தமாக வருகிறது. மோட்டாரை மேசை மேல் வைத்து, அனலாக்ரைட் 100 (255 என்றால் முழு வேகம்) கொடுத்து ஓட்டினால் 2 ஆம்பியர் எடுக்கிறது, வேகமும் சொன்னபடி கேட்கிறது. ஆனால் ஐந்து நிமிடத்தில் வலது மேல் மாஸ்ஃபெட் விரல் வைக்க முடியாதபடி கொதிக்கிறது. இடது மேலும் சூடுதான், ஆனால் தொட முடிகிறது. அப்புறம் 255 கொடுத்து, நிரலின் அடுத்த வரியிலேயே திசையை மாற்றியதும் டப். சில நேரம் ஆர்டுயினோவும் ரீசெட் ஆகிறது. இதுவரை ஆறு போயிருக்கின்றன, ஆறும் வலது மேல். "எத்தனை ஆம்பியர் மாஸ்ஃபெட் வாங்கினால் எரியாது?" என்பது உங்கள் கேள்வி.

ஆனால் நீங்கள் போகிற போக்கில் இன்னொரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அந்தத் திசையில் ஓடும்போது இடது மேலும் வலது கீழும்தானே ஆன், வலது மேல் ஆஃபில் தானே இருக்கிறது?" உண்மையான கேள்வி இதுதான். நான் கோவையில் 17 வருடமாக டி.சி. டிரைவ், பேட்டரி வண்டி கன்ட்ரோலர் போர்டுகளை ரிப்பேர் செய்கிறவன். படித்தது டிப்ளமோ, மீதி எரிந்த போர்டுகள் சொல்லிக்கொடுத்தது. உங்கள் போர்டு என் கையில் இல்லை. நீங்கள் வரைந்தபடியே கட்டியிருக்கிறீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். எதை அடித்துச் சொல்கிறேன், எது ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அடித்துச் சொல்லக்கூடியதிலிருந்து ஆரம்பிக்கலாம். வலது மேல் மாஸ்ஃபெட்டின் கேட் ஆஃபில் இருக்கிறது, ஆனால் அதன் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டார் என்பது ஒரு பெரிய காயில். பம்பு செட் நின்றதும் குழாயில் ஓடிய தண்ணீர் உடனே நிற்காமல் வால்வில் போய் முட்டுமே, அதுபோல காயிலில் ஓடும் கரண்ட்டும் சட்டென்று நிற்காது. வலது கீழ் மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது கரண்ட் பேட்டரி, இடது மேல், மோட்டார், வலது கீழ் என்று போகிறது. பி.டபிள்யூ.எம். வலது கீழை ஆஃப் செய்தவுடன் அந்தக் கரண்ட்டுக்கு வேறு வழி வேண்டும். மோட்டாரின் வலது முனை 12 வோல்ட்டையும் தாண்டி மேலே ஏறுகிறது. அங்கே வலது மேல் மாஸ்ஃபெட்டுக்குள் பிறவியிலேயே இருக்கும் டையோடு (ஒரே திசையில் மட்டும் கரண்ட்டை விடுவது) திறக்கிறது. கரண்ட் அதன் வழியாக மேலே ஏறி, இடது மேல் வழியாக மறுபடி மோட்டாருக்கே வந்து சுற்றுகிறது. ஊனோவில் பெரும்பாலான பின்களில் பி.டபிள்யூ.எம். 490 ஹெர்ட்ஸ், 5, 6 ஆகிய இரண்டு பின்களில் மட்டும் 980. ஆக, விநாடிக்கு 490 முறை உங்கள் 'ஆஃப்' மாஸ்ஃபெட் டையோடாக வேலை செய்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 255-இல் 100 என்றால் ஆன் நேரம் 39 சதவீதம், மீதி 61 சதவீதம் கரண்ட் அந்த டையோடில். 2 ஆம்பியரில் அதன் குறுக்கே ஏறத்தாழ 0.85 வோல்ட் விழும். 2 × 0.85 × 0.61, கிட்டத்தட்ட 1 வாட். இடது மேல் முழு நேரமும் ஆனில் இருக்கிறது, அதன் தடை அதிகபட்சம் 0.117 ஓம். 2 × 2 × 0.117, அரை வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஹீட் சிங்க் இல்லாத இந்த வகை உடலுக்கு வாட்டுக்கு 62 டிகிரி வெப்பம் ஏறும் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. 30 டிகிரி அறையில் இடது மேல் 60-ஐ ஒட்டி நிற்கும், வலது மேல் 90-ஐத் தாண்டும். நம் விரல் தாங்குவது 55, 60 வரைதான். நீங்கள் எழுதியதும் இதே: ஒன்றைத் தொட முடிகிறது, ஒன்றை முடியவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வந்தது. அந்த 2 ஆம்பியரை மோட்டார் வயரில் அளந்தீர்களா, பேட்டரி வயரில் அளந்தீர்களா? பி.டபிள்யூ.எம். ஓடும்போது இரண்டும் ஒன்றில்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் வருவது ஆன் நேரத்தில் மட்டும், மோட்டாரில் அது எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேட்டரி வயரில் 2 ஆம்பியர் என்றால் மோட்டாரில் 5 ஆம்பியர். அப்படியானால் இரண்டு மேல் மாஸ்ஃபெட்டும் ஆளுக்கு 3 வாட்டை நெருங்கி, சமமாகக் கொதித்திருக்கும். ஒன்றைத் தொட முடிகிறது என்பதால் மோட்டார் வயரில்தான் அளந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் பேச்சை நம்ப வேண்டாம், இதைச் சோதிக்க காசு செலவில்லாத வழி இருக்கிறது. முதலில் 255 கொடுத்து ஒரே திசையில் ஓட்டுங்கள், திசையை மாற்றாதீர்கள். 255 என்றால் பின் நிரந்தரமாக ஹை, சுவிட்சிங் கிடையாது, டையோடுக்கு வேலையில்லை. வலது மேல் குளிர்ந்து கிடக்கும், இடது மேல் சூடேறும். அடுத்து முழுக்க நிறுத்தி, மோட்டார் நின்றபிறகு, எதிர்த் திசையில் 100 கொடுங்கள். இப்போது இடது மேல் ஆஃபில் இருக்க வேண்டியது, ஆனால் அதுதான் அதிகம் கொதிக்கும். இந்த இரண்டும் நான் சொன்னபடி நடந்தால் டையோடு விஷயம் உறுதி. நடக்காவிட்டால் உங்கள் வயரிங் வரைபடத்தைப் போல இல்லை, அங்கேயே நின்று வயர்களைச் சரிபாருங்கள்.

இனி 'பெரிய மாஸ்ஃபெட்' யோசனைக்கு வருவோம். ஐ.ஆர்.எஃப். 4905 என்று ஒன்று இருக்கிறது. 55 வோல்ட், 74 ஆம்பியர், தடை 0.02 ஓம். அதைப் போட்டால் ஆனில் இருக்கும் இடது மேல் நிச்சயம் குளிரும். ஆனால் வலது மேலின் சூடு டையோடு வோல்ட்டேஜால் வருவது. எத்தனை ஆம்பியர் பட்டியலிட்ட மாஸ்ஃபெட்டாக இருந்தாலும் அந்த டையோடு முக்கால் வோல்ட்டுக்கு மேல் விழத்தான் செய்யும், அந்த 1 வாட்டில் பெரிய மாற்றம் இருக்காது. போதாததற்கு, பெரிய மாஸ்ஃபெட்டின் கேட்டை நிரப்பவும் காலி செய்யவும் அதிக சார்ஜ் வேண்டும். 9540என்னுக்கு அதிகபட்சம் 97 நானோகூலும், 4905-க்கு 180. உங்கள் 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு முதலாவதே பாரம். இரண்டாவதைப் போட்டால் ஆஃப் ஆவது இன்னும் மெதுவாகும்.

சரி, சூடு புரிகிறது. ஆனால் 90 டிகிரியில் மாஸ்ஃபெட் சாகாது, உள்ளே 175 வரை தாங்கும். கொல்வது திசை மாற்றம். மோட்டார் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் சுற்றும்போது அது தானே ஒரு ஜெனரேட்டர் மாதிரி 11 வோல்ட்டுக்குப் பக்கமாக எதிர் வோல்ட்டேஜ் தருகிறது. ஓடும்போது கரண்ட் குறைவாக இருப்பதே அதனால்தான். நீங்கள் அடுத்த வரியிலேயே திசையை மாற்றும்போது மோட்டார் இன்னும் பழைய திசையில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த 11 வோல்ட் இப்போது பேட்டரியோடு சேர்ந்துகொள்கிறது. மொத்தம் 23 வோல்ட். மோட்டார் காயிலின் தடை 0.6 ஓம் என்று வைப்போம். இது என் ஊகம், அளக்கும் வழியைக் கீழே சொல்கிறேன். மாஸ்ஃபெட்டுகள், வயர், பேட்டரியின் உள்தடை எல்லாம் சேர்த்து 0.85 என்று கொண்டால் 27 ஆம்பியர். 90 டிகிரிக்கு மேல் வெந்து கிடக்கும் 9540என்னின் தடை அறை வெப்பத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, 0.175 ஓம். 27 × 27 × 0.175, கிட்டத்தட்ட 128 வாட். ஹீட் சிங்க் இல்லாத, ஏற்கெனவே சூடான, விரல் நகம் அளவு துண்டில். டேட்டாஷீட் சொல்லும் 140 வாட் என்பது உடலை 25 டிகிரியிலேயே பிடித்து வைத்தால்தான், அது நடைமுறையில் யாருக்கும் முடியாது. சிப்புக்கும் உடலுக்கும் இடையில் மட்டும் வாட்டுக்கு 1.1 டிகிரி. உடல் 90 என்றால் உள்ளே 230-ஐத் தாண்டும். மோட்டார் நின்று திரும்ப எடுக்கும் கால் விநாடி போதும்.

எதிர்த் திசையில் அந்தக் கரண்ட் போகும் வழி வலது மேல், இடது கீழ். இடது கீழ் ஏன் சாகவில்லை என்று கேட்பீர்கள். அது அதுவரை சும்மா இருந்து குளிர்ந்து கிடக்கிறது. வலது மேல் மட்டும் ஐந்து நிமிடம் டையோடு வேலை பார்த்துக் களைத்திருக்கிறது. ஆறும் வலது மேல் என்பதற்கு இதுதான் என் விளக்கம். கணக்கு ஒத்துப்போகிறது, ஆனாலும் இந்தப் பகுதியை ஊகக் கணக்கில் வையுங்கள். 27 ஆம்பியர் உண்மையில் வருகிறதா என்பது, இடது கீழின் கேட்டில் உள்ள 5 வோல்ட் எவ்வளவு கரண்ட்டை விடும் என்பதையும் பொறுத்தது. அது ஒவ்வொரு துண்டுக்கும் மாறும்.

இதைப் படிக்கும் வேறு யாராவது "இது ஷூட்-த்ரூ, வேறென்ன" என்று சொல்வார்கள். ஒரே பக்கத்து மேலும் கீழும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி, பேட்டரியை ஷார்ட் செய்வதைத்தான் அப்படிச் சொல்வது. உங்கள் சர்க்யூட்டில் அது இருக்கிறது, மறுக்கவில்லை. மேல் மாஸ்ஃபெட் ஆஃப் ஆக வேண்டுமானால் 10 கிலோ ஓம் வழியாக மட்டுமே கேட் காலியாக வேண்டும். நடுவில் கேட் 5 வோல்ட் அளவில் மாட்டிக்கொண்டு நிற்கும் கட்டத்தில் அந்த ரெசிஸ்டரில் ஓடுவது அரை மில்லிஆம்பியர். அந்தக் கட்டத்துக்கு மட்டும் 50 நானோகூலும் வரை வேண்டும் என்றால் 100 மைக்ரோசெகண்ட் ஆகும். நிரலில் அடுத்த வரிக்குப் போக ஆர்டுயினோவுக்கு சில மைக்ரோசெகண்ட் போதும். ஆகவே இந்தத் திசையிலிருந்து மாறும் ஒவ்வொரு முறையும் இடது மேல் மூடுவதற்குள் இடது கீழ் திறந்துவிடுகிறது. ஆனால் உங்கள் பி.டபிள்யூ.எம். கீழே இருப்பதால் இது திசை மாற்றத்துக்கு ஒருமுறைதான், அதுவும் இடது பக்கத்தில். எரிந்தது வலது பக்கம். குற்றவாளி இருக்கிறான், ஆனால் இந்தக் கொலை அவன் செய்ததில்லை. பி.டபிள்யூ.எம்மை நாளைக்கு மேல் பக்கம் மாற்றினீர்கள் என்றால் அப்போது அவன்தான் முதல் எதிரி: 2 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 100 மைக்ரோசெகண்ட் அரைகுறையாகத் திறந்து நிற்கும்.

வலது மேல் சூடாவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், இது நிச்சயமில்லை. வலது கீழ் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் வலது முனை 12 வோல்ட்டிலிருந்து பூஜ்யத்துக்குச் சரிகிறது. மேல் மாஸ்ஃபெட்டின் டிரெய்னுக்கும் (மோட்டார் பக்கத்துக் கால்) கேட்டுக்கும் இடையில் உள்ள சிறிய கெப்பாசிட்டன்ஸ், அந்தச் சரிவோடு கேட்டையும் கீழே இழுக்கும். டேட்டாஷீட் எண்களை வைத்துப் பார்த்தால் 2 வோல்ட் வரை இழுக்க வாய்ப்பு. 9540என் திறக்க ஆரம்பிப்பது 2-க்கும் 4-க்கும் இடையில் எங்கோ. பிடித்து நிறுத்த வேண்டிய 10 கிலோ ஓம் பலவீனமானது. துண்டைப் பொறுத்து ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து மூடலாம், திறக்காமலும் இருக்கலாம். கல்லூரி லேபில் ஆசிலோஸ்கோப் கிடைத்தால் வலது மேல் கேட்டையும் 12 வோல்ட் வயரையும் இரண்டு சானலில் வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. மல்டிமீட்டரில் இது தெரியாது.

மல்டிமீட்டர் என்றதும் ஒன்று. மோட்டார் இல்லாமல் 12 வோல்ட் சுத்தமாக வருகிறது என்பதை நீங்கள் சர்க்யூட் சரி என்பதற்கான சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். அது சாட்சியே ஆகாது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அது இழுப்பது 1 மைக்ரோஆம்பியர் சொச்சம். பாதி செத்து லேசாகக் கசியும் மாஸ்ஃபெட்கூட அதற்கு 12 வோல்ட் காட்டிவிடும். மீட்டருக்குப் பதில் காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மோட்டார் இடத்தில் மாட்டி, அது எரியும்போது ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் (பேட்டரி பக்கத்துக் கால்) இடையில் அளந்து பாருங்கள். ஆனில் இருப்பதில் கால் வோல்ட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆனாலும் அந்த 12 வோல்ட் அளவு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டது. இந்த உடல்களின் உலோக முதுகு டிரெய்னோடு இணைந்தது. நான்கையும் ஒரே அலுமினியத் தகட்டில் மைக்கா (மின்சாரத்தைத் தடுக்கும் தாள்) இல்லாமல் மாட்டியிருந்தால் மோட்டாரின் இரண்டு முனையும் ஒன்றாகி, உங்களுக்கு 12 வோல்ட் வந்தே இருக்காது. எனவே அந்தத் தவறு இல்லை. ஹீட் சிங்க் போடும்போது அதைச் செய்துவிடாதீர்கள்.

அடுத்த மாஸ்ஃபெட்டை ஈயம் வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். பேட்டரி பாசிட்டிவில் தொடராக ஒரு 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு. டி.வி. மெக்கானிக்குகள் சீரிஸ் பல்பு போட்டுத்தான் செட்டை ஆன் செய்வார்கள், அதே வித்தைதான். நான் வேலை கற்க சேர்ந்த கடையில் முதல் மாதம் ஒரே நாளில் ஒன்பது மாஸ்ஃபெட்டை வீணடித்தேன். அதில் ஆறு மாஸ்ஃபெட்டுக்கும் காரணம் ஒன்றேதான், உடைந்துபோன ஒரு ஈய ஒட்டு. முதலாளி திட்டவில்லை. மறுநாள் என் மேசையில் பல்பு ஹோல்டர் ஒன்றை ஆணி அடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான். பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்திவிடலாம். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து விடாது, மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும். மோட்டார் கொஞ்சம் மந்தமாக ஓடும், பரவாயில்லை. ஃபியூஸும் போடுங்கள், 10 ஆம்பியர் கார் ஃபியூஸ். ஆனால் ஃபியூஸ் மாஸ்ஃபெட்டைக் காப்பாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். மாஸ்ஃபெட் செத்தபிறகுதான் ஃபியூஸ் போகும். அது இருப்பது உங்கள் மேசை தீப்பிடிக்காமல் இருக்க.

பல்பு இருக்கும்போதே மோட்டாரின் தடையையும் அளந்துவிடலாம். பிரிட்ஜைக் கழற்றிவிட்டு பேட்டரி, பல்பு, மோட்டார் என்று தொடராகக் கட்டி, ஷாஃப்டை வைஸில் இறுக்கிப் பிடித்து, கரண்ட்டையும் மோட்டார் முனைகளில் உள்ள வோல்ட்டையும் அளங்கள். 3.8 ஆம்பியரில் 2.3 வோல்ட் என்றால் 0.6 ஓம். ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பி நான்கைந்து இடத்தில் எடுங்கள், பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து மாறும். இவ்வளவு சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் அளந்தால் வரும் எண்ணை நம்ப வேண்டாம், பாதி மீட்டர் வயரின் தடையாக இருக்கும்.

ஆறு மாஸ்ஃபெட் செத்ததில் கூடவே வேறு எதுவும் செத்ததா என்று பார்த்தீர்களா? மாஸ்ஃபெட் சாகும்போது பெரும்பாலும் மூன்று காலும் ஒன்றாகிவிடும். அப்போது 12 வோல்ட் எந்தத் தடையும் இல்லாமல் பி.சி. 547-இன் தலையில் விழும். அது 100 மில்லிஆம்பியர் ஆள். அது ஷார்ட் ஆகியிருந்தால் புதிய வலது மேல் எப்போதும் ஆனிலேயே இருக்கும், வலது கீழுக்கு முதல் பி.டபிள்யூ.எம். வந்தவுடன் பேட்டரி ஷார்ட். உங்கள் ஆறில் கடைசி ஒன்றிரண்டு இப்படிக்கூடப் போயிருக்கலாம். 547-ஐக் கழற்றி மீட்டரின் டையோடு ரேஞ்சில் பாருங்கள், சந்தேகம் என்றால் புதிதாகவே போட்டுவிடுங்கள். மாஸ்ஃபெட்டைச் சோதிக்கும்போது கேட்டுக்கும் மற்ற இரண்டு காலுக்கும் இடையில் எதுவும் காட்டக்கூடாது, டிரெய்ன், சோர்ஸ் இடையில் ஒரு பக்கம் மட்டும் அரை வோல்ட் சொச்சம் காட்ட வேண்டும். மீட்டர் முனையால் கேட்டைத் தொட்டால் மாஸ்ஃபெட் ஆன் ஆகும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். சில மீட்டர்கள் 3 வோல்ட்கூடத் தராது, அது ஆன் ஆகாவிட்டால் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

சரிசெய்யும் வரிசை என்றால் முதலில் நிரல், அதற்குக் காசில்லை. 255-இலிருந்து பூஜ்யத்துக்கு அரை விநாடியில் படிப்படியாக இறக்கி, நான்கையும் ஆஃப் செய்து, 300 மில்லிசெகண்ட் காத்திருந்து, எதிர்ப் பக்க மேலை ஆன் செய்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள். எரிவதில் பெரும்பகுதி இதிலேயே நின்றுவிடும் என்று நினைக்கிறேன். அந்தக் காத்திருப்பிலேயே ஷூட்-த்ரூவும் போய்விடும், 100 மைக்ரோசெகண்ட் எங்கே, 300 மில்லிசெகண்ட் எங்கே. இரண்டாவது, 10 கிலோ ஓமை 1 கிலோ ஓமாக மாற்றுங்கள். 547 வழியாக 12 மில்லிஆம்பியர் போகும், தாங்கும். மூடும் நேரம் பத்தில் ஒரு பங்காகும், கேட்டையும் இறுக்கிப் பிடிக்கும். மூன்றாவது, மேல் இரண்டுக்கும் தனித்தனி ஹீட் சிங்க். கூடவே வெளியிலிருந்து ஓர் எம்.பி.ஆர். 1045 ஷாட்கி (குறைந்த வோல்ட்டிலேயே திறக்கும்) டையோடை ஒவ்வொரு மோட்டார் முனைக்கும் 12 வோல்ட்டுக்கும் இடையில் போட்டால், சுற்றும் கரண்ட்டில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்ளும். சூடு பாதியாகும், மாஸ்ஃபெட்டை விட்டும் விலகும்.

கீழ்ப் பக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விட முடியாது. இசட்44என் திறக்க ஆரம்பிக்கும் வோல்ட்டேஜ் 2 முதல் 4 என்று டேட்டாஷீட்டில் இருப்பதைப் பார்த்து 5 வோல்ட் போதும் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த எண் கால் மில்லிஆம்பியர் ஓடும் நிலைக்கு. 17.5 மில்லி ஓம் என்ற தடை 10 வோல்ட் கேட்டில்தான். 5 வோல்ட்டில் ஒரு துண்டு நன்றாக ஓடும், பக்கத்துத் துண்டு கொதிக்கும். அதே காலமைப்பில் ஐ.ஆர்.எல்.இசட். 44என் கிடைக்கும், அது 5 வோல்ட்டிலேயே 25 மில்லி ஓம். கழற்றி மாட்டினால் போதும். கேட்டுக்குத் தொடராக 150 ஓம், கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். இந்த இரண்டாவது ரெசிஸ்டர் உங்கள் வரைபடத்தில் இல்லவே இல்லை. ஆர்டுயினோ ரீசெட் ஆகி பூட்லோடர் (தொடக்க நிரல்) ஓடும் நேரத்தில் பின்கள் எதையும் பிடிக்காமல் தொங்கும், கேட் அந்தக் கணத்தில் எந்த நிலையில் இருந்ததோ அங்கேயே நிற்கும். ரீசெட் ஆவதே திசை மாற்றத்தின் கரண்ட் பேட்டரி வோல்ட்டேஜைச் சாய்ப்பதால் இருக்கலாம், அல்லது மோட்டாரின் கிரவுண்டும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் ஒரே மெல்லிய வயரில் போவதால் இருக்கலாம். இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆர்டுயினோவைத் தற்காலிகமாக லேப்டாப் யூ.எஸ்.பி.யில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ரீசெட் ஆனால் கிரவுண்ட் வயரைப் பாருங்கள். மோட்டார் கிரவுண்ட் நேராக பேட்டரி முனைக்கு, ஆர்டுயினோ கிரவுண்ட் தனியாக அதே முனைக்கு. பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும், மோட்டார் முனைகளுக்கு நடுவில் 100 நானோஃபாரட் செராமிக் ஒன்றும்.

மோட்டாரை இரும்புச் சட்டத்தில் மாட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முன் மீட்டரை எடுத்து மோட்டார் உடலுக்கும் ஒவ்வொரு வயருக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல வைப்பர் மோட்டார்களில் நெகட்டிவ் பிரஷ் உடலோடு இணைந்தே இருக்கும், காரில் உடல்தானே நெகட்டிவ். இப்போது மேசையில் வேகம் கட்டுப்படுவதால் உடல் எங்கும் தொடவில்லை என்று தெரிகிறது. தொட்டிருந்தால் வலது கீழைத் தாண்டிக் கரண்ட் நேராக நெகட்டிவுக்குப் போய், என்ன எண் கொடுத்தாலும் மோட்டார் முழு வேகத்தில்தான் ஓடியிருக்கும். ஆனால் சட்டத்தில் மாட்டி, சட்டம் எங்காவது பேட்டரி நெகட்டிவைத் தொட்டால், எதிர்த் திசை கொடுத்த கணமே வலது மேல் வழியாக முழு ஷார்ட். அப்போது ஏழாவது மாஸ்ஃபெட்டும் அதே இடத்தில்தான் சாகும், நான் மேலே எழுதியது எல்லாம் தப்பு என்று நினைப்பீர்கள். உடலில் தொடர்பு இருந்தால் ரப்பர் வாஷரும் நைலான் போல்ட்டும் போட்டுச் சட்டத்திலிருந்து பிரித்து மாட்டுங்கள்.

பிராஜெக்ட் காட்ட வேண்டியது அடுத்த வாரம் என்றால் பி.டி.எஸ். 7960 என்ற ரெடிமேட் எச்-பிரிட்ஜ் மாட்யூல் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு, இந்தப் போர்டை நிதானமாகச் சரிசெய்யுங்கள். 43 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்ப வேண்டாம், அந்தச் சின்ன ஹீட் சிங்கில் அது தொடர்ந்து ஓடாது. உங்கள் 2 ஆம்பியருக்கு ஆனால் தாராளம். அதிலும் திசையை மெல்லத்தான் மாற்ற வேண்டும். 24 வோல்ட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போதைய சர்க்யூட்டோடு போகாதீர்கள்: 547 கேட்டைக் கீழே இழுக்கும்போது மேல் மாஸ்ஃபெட்டின் கேட்டில் 24 வோல்ட் விழும், அது தாங்குவது 20 வரைதான். 547-இன் கலெக்டருக்கும் கேட்டுக்கும் நடுவில் இன்னொரு 1 கிலோ ஓம், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத ஜீனர் டையோடு, இரண்டும் சேர்த்தால் போதும். 255-ஐயும் 100-ஐயும் வைத்து நான் சொன்ன சோதனையைச் செய்துவிட்டு எது சூடானது, மோட்டார் தடை எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். 0.6-க்குப் பதில் 1.5 ஓம் வந்தால் என் 27 ஆம்பியர் கணக்கு விழுந்துவிடும், அப்போது வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.